ஹம்ஸ்ரெட் பொதுவெளியின் வழக்கு

இலண்டன் மாநகரின் நடுப்பகுதியிலிருந்து வடமேற்குத் திசையாக ஏறக்குறைய நான்கு மைல் சென்றால், நிலம் படிப்படியாக உயர்ந்து ஒரு மணற்குன்றில் முடிகிறது. அக்குன்றின் மேலும் சரிவிலும் பரந்து கிடப்பதே ஹம்ஸ்ரெட் பொதுவெளி. ஆங்கிலத்தில் ஹீத் எனப்படுவது, உழவுக்கு உதவாத மணற்றரையில் முட்பற்றைகளும் புல்லும் படர்ந்த திறந்த நிலம். யாழ்ப்பாணத்தார் தரவை என்று வழங்கும் நிலத்தோடு இதனை ஓரளவு ஒப்பிடலாம். ஆனால் தரவை தாழ்ந்த நிலம், இதுவோ மேட்டு நிலம். உச்சியில் நின்று தெற்கே பார்ப்பவருக்கு இலண்டன் முழுவதும் கண்முன் விரியும். கொன்ஸ்ரபிள் என்னும் ஓவியர் 1819ஆம் ஆண்டு முதல் இவ்வூருக்கு வந்து தங்கி, இந்த வெளியின் வானத்தையும் முகிலையும் திரும்பத் திரும்ப வரைந்தார். இத்தகைய நிலம் பெருநகரொன்றின் ஓரத்தில் வீடுகளால் மூடப்படாமல் எஞ்சியது எவ்வாறு என்பது ஒரு நெடுங்கதை. அதிலே வழக்குண்டு, மசோதாவுண்டு, பிடிவாதமுண்டு. நல்லவர் ஒரு பக்கம், தீயவர் மறு பக்கம் என்று பிரித்துவிடக் கூடிய கதையன்று அது.

பழைய ஆங்கிலச் சட்டப்படி ஊர் நிலங்கள் மனர் என்னும் பண்ணையாட்சிக்குள் அடங்கியிருந்தன. பண்ணைக்கு ஒரு தலைவர் உண்டு. பயிர் நிலம் போக எஞ்சிய தரிசு அவருக்கே உடைமை. ஆயின், அத்தரிசின் மேல் ஊர்க்குடிகளுக்குச் சில பாத்தியங்கள் இருந்தன. மாடு மேய்த்தல், முட்செடி வெட்டுதல், புற்கரணை எடுத்தல், மணல் அகழ்தல் என்பன அவை. பண்ணைப் பதிவேட்டில் பெயர் எழுதப்பெற்று, அப்பதிவின் பிரதியையே உறுதியாகக் கொண்டு காணி ஆண்டவர்களைப் பிரதிக் காணியாளர் எனலாம். இப்பாத்தியங்கள் முக்கியமாக அவர்களுக்கே உரியவை. குடிகளின் மேய்ச்சலுக்குப் போதிய நிலத்தை விட்டுவிட்டு மிகுதியைத் தலைவர் அடைத்துக்கொள்ளலாம் என்று 1235ஆம் ஆண்டிலேயே மேர்ட்டன் சட்டம் விதித்திருந்தது. ஆகவே தரிசு எவருடையது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் இருந்தன. இரண்டும் சட்டத்தின்படி சரியானவை. இலண்டனிலிருந்து காற்று வாங்க வந்து புல்லிலே உட்கார்ந்த ஏழைத் தொழிலாளிக்கோ இவ்விரண்டு விடைகளிலும் இடமில்லை. அவனுக்கு அங்கே நடக்க உரிமையுண்டு என்று எந்தப் பதிவேடும் கூறவில்லை. கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

1821ஆம் ஆண்டிலே ஹம்ஸ்ரெட் பண்ணையின் தலைவர் இறந்தார். அவர் மகன் சேர் தோமஸ் மேரியன் வில்சன் பண்ணைக்கு வந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று. தந்தை எழுதிவைத்த மரணசாதனம் மகனுக்கு முழு உரிமை கொடுக்கவில்லை. சீவிய உரித்து மட்டுமே கொடுத்தது. மேலும், ஹம்ஸ்ரெட் காணிகளை 21 ஆண்டுகளுக்கு மேற்படாத குத்தகைக்கே அவர் கொடுக்கலாம் என்பது அதிலிருந்த நிபந்தனை. இது பார்வைக்குச் சிறிய வாசகம், விளைவோ பெரிது. இருபத்தொரு ஆண்டுக் குத்தகையில் மாடு மேய்க்கலாம், வைக்கோல் எடுக்கலாம். கல் வீடு கட்ட எவரும் முன்வரமாட்டார். இலண்டனில் வீடு கட்டுவோர் 99 ஆண்டுக் குத்தகையை எதிர்பார்த்தனர். நகரமோ வடக்கு நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது. அயலிலுள்ள நிலச்சுவாந்தர்கள் தத்தம் வயல்களை வீதிகளாக்கிச் செல்வம் குவித்தபோது, சேர் தோமஸ் தம் புல்வெளிகளைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது.

இத்தகைய மரணசாதனத் தடையை நீக்குவதற்கு அக்காலத்தில் ஒரு வழி இருந்தது. பாராளுமன்றத்தில் தனிப்பட்ட மசோதா ஒன்றைக் கொண்டுவந்து சட்டமாக்கிக்கொள்வதே அது. நிலவுடைமைக் குடும்பங்கள் பல இவ்வழியைக் கையாண்டன. பாராளுமன்றமும் பெரும்பாலும் எதிர்ப்பின்றி இணங்கிற்று. 1829ஆம் ஆண்டில் சேர் தோமஸ் தம் மசோதாவைக் கொண்டுவந்தபோது இதுவும் அவ்வாறே நிறைவேறும் என எண்ணியிருக்க வேண்டும். ஆனால் அவர் கேட்ட அதிகாரம் வயல்களோடு நில்லாது பொதுவெளியையும் தொட்டது. ஹம்ஸ்ரெட் வாசிகள் விழித்துக்கொண்டனர். கூட்டங்கள் கூடின, விண்ணப்பங்கள் எழுதப்பட்டன, பத்திரிகைகள் குரல் எழுப்பின. மசோதா தோற்றது.

எதிர்த்தவர்கள் யார் என்று பார்ப்பது பயனுடையது. முன்னணியில் நின்றோர் பிரதிக் காணியாளர்களான செல்வர்கள், வங்கியாளர், வழக்கறிஞர். பொதுவெளியின் வடகிழக்கே கென்வூட் மாளிகையில் வாழ்ந்த மான்ஸ்பீல்ட் பிரபுவும் எதிர்ப்பில் சேர்ந்துகொண்டார். தம் மாளிகையிலிருந்து காணும் காட்சியை வீட்டுக் கூரைகள் மறைப்பதை அவர் விரும்பவில்லை. இலண்டன் ஏழைகளின் சுவாசத்துக்கு இவ்வெளி இன்றியமையாதது என்று இவர்கள் எடுத்துக்காட்டிய நியாயம் முற்றிலும் உண்மை. ஆனால் அந்நியாயத்தின் பின்னால் தத்தம் பலகணியின் காட்சியும் வீட்டின் விலையும் நின்றன என்பதும் உண்மை. அதுமட்டுமன்று, பொதுவெளியின் ஓரங்களில் துண்டு துண்டாக நிலம் அடைத்து வீடு கட்டியவர்கள் எதிர்த்தவர்களின் வகுப்பினரே. பண்ணைத் தலைவரிடம் பணம் கட்டி முன்னைய தலைமுறைகள் பெற்ற அத்துண்டுகளில் அழகிய வீடுகள் நின்றன. உள்ளே புகுந்தவன் கதவைச் சாத்துவது போன்றது இது எனச் சேர் தோமஸ் எண்ணியிருந்தால் அவர்மேல் குற்றம் காண்பது கடினம்.

அவர் விடவில்லை. 1830ஆம் ஆண்டிலே, பொதுவெளியைத் தவிர்த்து, அதற்குத் தொலைவான பின்ச்லி வீதியோரத்து வயல்களுக்கு மட்டும் அதிகாரம் கேட்டார். அதுவும் மறுக்கப்பட்டது. இந்த இடத்தில் வாசிகளின் பக்கத்து நியாயம் சற்று மெலிந்துபோனது என்றே சொல்லவேண்டும். எவருடைய பாத்தியமும் இல்லாத வேலியடைத்த வயல்கள் அவை. ஆயினும் ஒருமுறை விழுந்த ஐயம் நீங்கவில்லை. இன்று வயலுக்கு இடங்கொடுத்தால் நாளை வெளியைக் கேட்பார் என்பது ஊரவர் பேச்சு. 1840களிலும் 1850களிலும் மசோதாக்கள் மீண்டும் வந்தன, மீண்டும் வீழ்ந்தன. மற்றெல்லா நிலச்சுவாந்தருக்கும் தட்டாமற் கிடைத்த சலுகை ஒருவருக்கு மட்டும் வாழ்நாள் முழுவதும் மறுக்கப்பட்டது. சேர் தோமஸ் ஹம்ஸ்ரெட்டில் வாழ்ந்தவரல்லர். தேம்ஸ் நதிக்குத் தெற்கே சார்ல்ரன் என்னுமிடத்தில் குடும்ப மாளிகையில் இருந்தார். மணம் செய்யவில்லை. எதிரிகளோடு சமாதானம் பேசும் இயல்பும் அவரிடம் குறைவு. ஆண்டுகள் செல்லச் செல்ல இது காணி விவகாரம் என்ற நிலை மாறித் தன்மானப் பிணக்காகிவிட்டது.

அந்தப் பிணக்கின் அடையாளம் ஒன்று இன்றும் நிற்கிறது. பொதுவெளிக்கும் கென்வூட்டுக்கும் இடைப்பட்ட ஈஸ்ட் பார்க் என்ற தம் நிலத்தில் 28 மாளிகைகள் கொண்ட குடியிருப்பொன்றை அமைக்கச் சேர் தோமஸ் திட்டமிட்டார். அனுமதி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் 1844ஆம் ஆண்டு பாதைக்கான வேலையைத் தொடங்கினார். சதுப்பான பள்ளமொன்றைக் கடப்பதற்குச் செங்கல்லால் பெரிய வளைவுப் பாலம் எழுப்பப்பட்டது. நீரூற்றுக்கள் அத்திவாரத்தைத் தொல்லைப்படுத்தின. வேலை 1847 வரை இழுபட்டது. பாலம் முடிந்தது. மாளிகைகள் எழவே இல்லை. வண்டிகள் செல்ல வேண்டிய பாலத்தின் கீழே குளமும், மேலே நடைபாதையுமாக இன்று மக்கள் உலாவுகின்றனர்.

இதற்கிடையில் பொதுவெளிக்கு வருவோரின் தொகை பெருகிற்று. சலவைத் தொழிலாளர் முட்பற்றைகளின் மேல் துணி உலர்த்தினர். கழுதைச் சவாரிக்காரர் சிறுவரை ஏற்றினர். 1850களில் சோஹோவின் ஒடுங்கிய அறைகளில் வறுமையோடு வாழ்ந்த கார்ல் மார்க்ஸ், ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி மக்களோடு நடந்து வந்து இங்கே கூடையைத் திறந்து உண்டார். 1860ஆம் ஆண்டு புகையிரத நிலையம் திறக்கப்பட்டபின், விடுமுறை நாட்களில் பல்லாயிரம் பேர் வந்து இறங்கினர். ஊரின் செல்வர்களுக்கு இக்கூட்டம் எப்போதும் உவப்பாயிருந்தது என்று சொல்ல முடியாது. ஆயினும் அவர்களுடைய வழக்குக்கு வலிமை தந்தது இக்கூட்டமே. பொதுவெளி என்பது பிரதிக் காணியாளர் சிலரின் மாட்டுப் பாத்தியம் என்ற நிலை போய், இலண்டன் மக்களின் சொத்து என்ற எண்ணம் வேரூன்றத் தொடங்கிற்று. சட்டம் அதனை இன்னும் அறியவில்லை, பொதுமக்கள் அறிந்துவிட்டனர்.

1865ஆம் ஆண்டில் பாராளுமன்றக் குழுவொன்று இலண்டன் திறந்த வெளிகளைப் பற்றி விசாரித்தது. அவ்வாண்டிலேயே ஜோர்ஜ் ஷோ-லெபேவர் என்பவரின் முயற்சியால் பொதுநிலப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. தத்துவ அறிஞர் ஜோன் ஸ்ருவேர்ட் மில்லும் அதில் இருந்தார். அடுத்த ஆண்டு வந்த மாநகரப் பொதுநிலச் சட்டம், இலண்டன் சூழலிலுள்ள பொதுநிலங்களை அடைப்பதற்கான பழைய வாயிலை மூடிற்று. அதே 1866ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பேர்க்கம்ஸ்ரெட் என்ற ஊரின் பொதுவெளியைப் பிரபு ஒருவர் இரும்பு வேலியால் அடைத்தபோது, அயலில் நிலமுடைய அகஸ்ரஸ் ஸ்மித் நள்ளிரவில் 120 கூலியாட்களைத் தனிப் புகையிரதத்தில் வரவழைத்து, விடியுமுன் வேலி முழுவதையும் பிடுங்கி அடுக்கிவைத்தார். ஹம்ஸ்ரெட் வாசிகள் அவ்வழியிற் செல்லவில்லை. அவர்கள் வங்கியாளரும் வழக்கறிஞரும் அல்லவா? வழக்குத் தொடுத்தனர்.

வழக்குக்குக் காரணத்தைச் சேர் தோமஸே கொடுத்தார். 1866ஆம் ஆண்டு குன்றின் உச்சியில், கொடிமரத்துக்கு அண்மையில், வீடொன்று கட்டத் தொடங்கினார். பொதுவெளியின் மணலையும் விற்றார். அப்போது வடக்கிலிருந்து இலண்டனுக்குப் பாதை அமைத்துக்கொண்டிருந்த மிட்லண்ட் புகையிரதக் கம்பெனி அம்மணலை வாங்கிற்று. வண்டி வண்டியாக அகழ்ந்த இடங்கள் ஆழ்ந்த குழிகளாயின; மரஞ்செடிகளால் மூடப்பட்ட அக்குழிகளை இன்றும் காணலாம். வீடு கட்ட விடாவிட்டால் மண்ணையாவது எடுப்பேன் என்று அவர் வாய்விட்டுச் சொன்னாரோ இல்லையோ, செய்கையால் சொன்னார். ஜோன் கேர்னி ஹோர் என்னும் வங்கியாளர் வாசிகளின் சார்பில் மன்றேறினார். சங்கம் துணை நின்றது. வாசிகளின் வாதம் பொதுமக்களின் உலாவும் உரிமையைப் பற்றியதன்று. அப்படி ஓர் உரிமையைச் சட்டம் ஏற்காது என்பதை அவர்களின் வழக்கறிஞர் நன்கறிவர். பழைய பாத்தியங்களான மேய்ச்சலையும் புற்கரணையையும் மணலையுமே முன்வைத்தனர். பல ஆண்டுகளாக ஒரு மாடும் மேய்க்காத கனவான்கள் மாட்டின் பெயரால் வழக்காடினர். பெருநகரத்து மக்களின் நன்மையை ஒரு மாட்டின் வாயாலே பேசவேண்டியிருந்தது அன்றைய சட்டத்தின் நிலைமை.

தீர்ப்பு வரவில்லை. 1869ஆம் ஆண்டு சேர் தோமஸ் இறந்தார். நாற்பதாண்டுப் பிணக்கு அவரோடு முடிந்தது. தந்தையின் மரணசாதனம் இட்ட தடை அவர் ஒருவரின் சீவிய காலத்துக்கே செல்லும். பின் வந்த தம்பி சேர் ஜோனுக்குப் பாராளுமன்றத்தின் தயவு தேவைப்படவில்லை. வயல்களை விருப்பப்படி வீட்டு நிலமாக்க அவருக்கு வழி திறந்திருந்தது. ஆகவே வழக்கும் வசையும் சுமந்துகொண்டிருந்த மணற்குன்றைக் கைவிடுவது அவருக்கு நட்டமாகப் படவில்லை. இலண்டன் மாநகர வேலைச் சபைக்கு 45,000 பவுணுக்கும், வழக்குச் செலவாக மேலும் 2,000 பவுணுக்கும் பொதுவெளியின் மேலுள்ள உரித்தை விற்றார். 1871ஆம் ஆண்டு ஹம்ஸ்ரெட் பொதுவெளிச் சட்டம் நிறைவேறிற்று. ஏறக்குறைய 220 ஏக்கர் நிலம் என்றென்றைக்கும் திறந்த வெளியாக, அதன் இயற்கைத் தோற்றம் கெடாமல் பாதுகாக்கப்பட வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. பூங்காவாகச் சீவிச் சிங்காரிக்காமல் உள்ளபடியே விடவேண்டும் என்ற கருத்து அக்காலத்துக்குப் புதிது.

இதனை வாசிகளின் முழு வெற்றி என எழுதுவோர் உளர். நான்கு ஆண்டு கழித்து நடந்ததையும் சேர்த்து நோக்கவேண்டும். பொதுவெளிக்கு நகர்ப்பக்கமாகச் சுவிஸ் கொட்டேஜ் வயல்கள் இருந்தன. மேரில்போன் பகுதியின் நெருக்கமான சந்துகளில் வாழ்ந்த ஏழைகள் நடந்து சென்றடையக்கூடிய மிக அண்மைப் பசும்புல் அதுவே. ஏழைகளின் வீடுகளைச் சீர்திருத்துவதில் வாழ்நாளைச் செலவிட்ட ஒக்ரேவியா ஹில் அம்மையார், 1875ஆம் ஆண்டு அவ்வயல்களை விலைக்கு வாங்கிப் பொதுவாக்கப் பணம் திரட்டினார். சில வாரங்களிலே பெருந்தொகை சேர்ந்தது. ஆனால் நிலத்துக்குரியோர் பின்வாங்கினர். வயல்களில் பிட்ஸ்ஜோன்ஸ் அவென்யூ என்னும் அகன்ற வீதியும் செல்வர் மாளிகைகளும் எழுந்தன. 1830இல் மறுக்கப்பட்டது 1875இல் கேள்வியின்றி நடந்தேறிற்று. குன்றின் மேலுள்ள கனவான்களின் காட்சி தப்பியது. குன்றின் கீழுள்ள ஏழைகளின் புல் போயிற்று. பசுமை வளையம் என்ற சொல்லை ஒக்ரேவியா ஹில் அவ்வாண்டிலேயே கையாண்டார் எனக் கூறுவர். தோல்வியை அவர் மறக்கவில்லை. இருபது ஆண்டுகளின் பின், 1895ஆம் ஆண்டில், ரொபேட் ஹன்ரர், ஹார்ட்விக் ரோன்ஸ்லி ஆகிய இருவரோடு சேர்ந்து தேசிய நம்பிக்கைப் பொறுப்பு என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார்.

அதன்பின் பொதுவெளி வளர்ந்த முறை வேறு. வழக்குக்குப் பதிலாகப் பணப்பை திறந்தது. பாராளுமன்றக் குன்றும் அதனை அடுத்த வயல்களும் வீட்டு நிலமாகும் தறுவாயில், ஏறக்குறைய மூன்று இலட்சம் பவுண் கொடுத்து வாங்கப்பெற்று 1889இல் சேர்க்கப்பட்டன. செலவில் ஒரு பகுதியை ஊராட்சி மன்றங்களும் பொதுமக்களின் நன்கொடையும் ஏற்றன. ஈஸ்ட் பார்க்கும் அதன் வளைவுப் பாலமும் அப்போதுதான் பொதுச் சொத்தாயின. 1898இல் கோல்டர்ஸ் ஹில் ஏலத்துக்கு வந்தபோது, பியர்ஸ் சவர்க்காரக் கம்பெனியின் தோமஸ் பாரற் தம் பொறுப்பிலேயே விலை கூறி எடுத்துக்கொண்டு பின்னர் பணம் திரட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலக்கீழ்ப் புகையிரதப் பாதை குன்றின் அடியாகத் தோண்டப்பட்டது. நோர்த் எண்ட் என்ற இடத்தில் நிலையம் ஒன்று அமைய, அதைச் சுற்றி வீடுகள் எழும் என்பது கம்பெனியின் கணக்கு. ஹென்றியற்றா பார்னெற் அம்மையார் சபையொன்று கூட்டி, ஈற்றன் கல்லூரிக்குரிய 80 ஏக்கர் நிலத்தைப் பொதுவெளியோடு சேர்க்க வழிசெய்தார். பயணிகள் வரப்போவதில்லை என்றறிந்த கம்பெனி நிலைய வேலையை இடையில் நிறுத்திவிட்டது. கட்டிய மேடை இருளில் கிடக்க, 1907 முதல் வண்டிகள் அதனருகே நில்லாமல் ஓடுகின்றன. ஹென்றியற்றா அம்மையார் அதோடு அமையாமல், அந்நிலத்தை அடுத்து எல்லா வகுப்பினரும் கலந்து வாழத்தக்க தோட்டக் குடியிருப்பொன்றையும் தொடங்கினார் என்பது கவனத்துக்குரியது. வீடே வேண்டாம் என்று சொல்லாமல், இங்கே வேண்டாம், அங்கே இவ்வாறு கட்டலாம் என்று சொன்னவர்கள் இந்தக் கதையில் மிகச் சிலரே. அக்குடியிருப்பில் பின்னாளில் ஏழைகள் வாங்கத்தக்க வீடு அரிதாகிவிட்டது வேறு விஷயம். 1925இல் கென்வூட் மாளிகையும் அதன் சோலையும் ஐவி பிரபுவின் கைக்கு வந்து, அவருடைய மரணசாதனத்தின்படி பொதுமக்களுக்காயின.

ஓர் ஊரவர் தொடங்கிய எதிர்ப்பு நாட்டின் சட்டமாகப் பரிணமித்தது பின்னைய கதை. 1938ஆம் ஆண்டின் பசுமை வளையச் சட்டம் இலண்டனைச் சூழ்ந்த நிலங்களை ஊராட்சிகள் வாங்கிக் காக்க வழிசெய்தது. 1947ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டச் சட்டம், எந்தக் காணியிலும் புதிதாகக் கட்டுவதற்கு அனுமதி பெறவேண்டும் என்றாக்கிற்று. 1829இல் ஒரு பண்ணைத் தலைவரைக் கட்டிப்போட்ட தடை இதனால் நிலமுடையார் அனைவருக்கும் பொதுவாயிற்று. 1955இல் அமைச்சர் டங்கன் சான்டிஸ் அனுப்பிய சுற்றறிக்கை, பிற நகரங்களும் இத்தகைய வளையம் அமைக்குமாறு தூண்டியது. இன்று இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய எட்டிலொரு பங்கு பசுமை வளையத்துள் அடங்கும். அதற்குள் வீடு கட்ட எவர் முற்பட்டாலும் அயலூர் வாசிகள் சங்கம் கூட்டி விண்ணப்பம் எழுதுவது வழக்கமாகிவிட்டது. அவர்களைப் பார்த்து, வீடுள்ளவர்கள் வீடற்றவர்களைத் தடுக்கிறார்கள் என்று எதிர்ப்பக்கத்தார் சொல்வதும் வழக்கமே.

2024ஆம் ஆண்டு அந்நாட்டின் அரசாங்கம், ஐந்தாண்டுக்குள் பதினைந்து இலட்சம் வீடுகள் கட்டுவதென அறிவித்து, பசுமை வளையத்துள் பயன் குன்றிய பகுதிகளைச் சாம்பல் வளையம் என்ற புதுப் பெயரால் பிரித்து, அவற்றிற் கட்ட இடங்கொடுத்தது. எது பசுமை, எது சாம்பல் என்பதைப் பற்றி ஊர்தோறும் வாதம் எழுந்திருக்கிறது. ஹம்ஸ்ரெட் பொதுவெளியோ 1989 முதல் இலண்டன் நகரக் கூட்டுத்தாபனத்தின் பரிபாலனத்தில் இருக்கிறது. அதன் பரப்பு ஏறக்குறைய 790 ஏக்கர். சேர் தோமஸின் உரித்தில் தொடங்கிய 220 ஏக்கரைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகம். அதைச் சுற்றியுள்ள வீதிகளில் உள்ள வீடுகள் இலண்டனிலேயே மிகுந்த விலைக்குப் போகும் வீடுகளுட் சேர்ந்தவை.